லாபம், ரெண்டு, மூணு...

நாகலாபுரம் தெரியுமா உங்களுக்கு? கோவில்பட்டியிலிருந்து கிழக்கே போய் விளாத்திகுளம் வட்டாரத்துக்குள் நுழைந்தால், கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பாகக் கிடக்கும் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர். சரித்திரப் பிரியர்களுக்கு வேறு விதத்தில் தெரிந்திருக்கலாம். கட்டபொம்மனின் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளையை 1799 செப்டம்பரில் கம்பெனிக்காரர்கள் கொன்றது இங்கேதான். மற்றவர்களுக்கு மிளகாய் வற்றல். எனக்கு மச்சினன் ஊர்!

மச்சினன் அங்கே இ-சேவைக் கடை வைத்திருக்கிறான். 2021-ம் வருஷம், ஐப்பசி மாசம். பயிர்க் காப்பீடு பதிய இன்னும் ரெண்டே நாள்தான் பாக்கி. கடை வாசலில் உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு வந்த சம்சாரிகள், கையில் அடங்கலும் பாஸ் புத்தகமுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றியது... சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்ன தம்பி, இன்னும் ஏறலையா?” என்றார் ஒரு பெரியவர். காலையிலிருந்து அவர் கேட்பது அது நாலாவது தடவையாம். மானாவாரி விவசாயம். மழை பொய்த்தாலும் போச்சு, கூடிப்போய் அழுகினாலும் போச்சு. அந்த ஒரு பதிவுதான் அவருக்குப் பிடிமானம். தேதி தாண்டினால் அதுவும் கிடையாது.

“டவுன்ல காட்டினேன் அத்தான். புராசஸர் பழசாப் போச்சாம். புதுசு 38,000 ரூபா ஆகுமாம். சங்கிலிய அடகு வச்சிரலாம்னு இருக்கேன்” என்றான் மச்சினன்.

“இருங்க மாப்ளே, மொதல்ல அளந்து பாப்போம்” என்றேன்.

அளப்பது! கரிசல்காட்டு ஆட்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். களத்தில் மரக்கால் போட்டு அளக்கும்போது ‘ஒன்று’ என்று ஆரம்பிக்க மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். அப்புறம் ரெண்டு, மூணு. ஒரே மரக்காலைத் தலைதட்டி அளந்தால் ஒரு கணக்கு, கோபுரமாகக் குவித்து அளந்தால் வேறு கணக்கு. கொடுப்பதற்கு ஒரு மரக்கால், வாங்குவதற்கு ஒரு மரக்கால் வைத்திருந்த புண்ணியவான்கள் பற்றி அந்தப் பக்கத்துக் கிழவிகளிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். பஞ்சில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றிய கதை தனி. அதாவது, அளவு என்று ஒருவன் சொன்னால் உடனே ‘எந்த மரக்கால், யார் அளந்தது?’ என்று கேட்கிற ஜனங்கள் அவர்கள்.

கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் நாம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பெட்டி மேல் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடுகிறோம்!

மச்சினனின் ஹார்ட் டிஸ்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 500 ஜி.பி. என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் விண்டோஸ் 465 ஜி.பி. என்கிறது. மீதி 35 எங்கே? யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024, 1,024-ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான் விஷயம். மரக்கால் வேறு! இதற்காக அமெரிக்காவில் வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட் இரண்டு கம்பெனிகள் மீதும் வாடிக்கையாளர்கள் வழக்கே போட்டார்கள். 2006-லும் 2007-லும் அவை சமரசத்தில் முடிந்தன.

அடுத்து வேகம். லேபிளில் ‘6 ஜிகாபிட்’ என்று இருந்தது. அது பிட், பைட் அல்ல. இந்த வகை வயரில் ஒரு பைட் அனுப்ப 10 பிட் செலவாகும். ஆக, விநாடிக்கு 600 எம்.பி. அதுவும் எதன் வேகம் என்கிறீர்கள்? வயரின் வேகம்! நாற்கரச் சாலை போட்டிருக்கிறார்கள், சரி. அதில் ஓடுவது மாட்டு வண்டியா, காரா என்று லேபிள் சொல்லாது.

வட்டம் சுற்றி முடிகிற வரை நமக்கும் நேரம் இருக்கிறது. இந்த டிஸ்க் சமாசாரம் எங்கே ஆரம்பித்தது என்று பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

1956. ஐ.பி.எம். கம்பெனி ‘ராமாக்’ என்ற கம்ப்யூட்டரோடு உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள், ஒன்றன் மேல் ஒன்றாக. கொள்ளளவு? 50 லட்சம் எழுத்துகள். இன்றைக்கு செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ அளவு! விநாடிக்கு 8,800 எழுத்துகளைப் படித்துக் கொடுத்தது. வேண்டிய இடத்துக்குக் கை நகர்ந்து போய்ச் சேர சராசரியாக 600 மில்லி விநாடி, அதாவது அரை விநாடிக்குக் கொஞ்சம் மேலே.

இதை இன்றைய 4 டி.பி. டிஸ்க்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். கொள்ளளவு பத்து லட்சம் மடங்கு பெருத்துவிட்டது. படிக்கும் வேகம் சில பத்தாயிரம் மடங்கு. இடம் தேடிப் போகும் வேகம்? ஐம்பது மடங்குகூட இல்லை! ராமாக்கின் மொத்தத் தகவலையும் அதன் வேகத்தில் அள்ளி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகாது. 4 டி.பி. டிஸ்க்கை விநாடிக்கு 200 எம்.பி. வேகத்தில் படித்தாலும் ஐந்தரை மணி நேரம் ஆகும். கண்மாயைப் பெரிசாக வெட்டிக்கொண்டே போனார்கள். மடையை மட்டும் அந்த அளவுக்குப் பெரிசாக்கவில்லை.

மடையைக்கூட முழுசாகத் திறக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம் அதுதான்.

1983-ல் ஐ.பி.எம். ‘பிசி எக்ஸ்.டி.’ என்ற பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. உள்ளே 10 எம்.பி. டிஸ்க். ஒவ்வொரு வட்டப்பாதையும் 17 துண்டுகள், ஒரு துண்டில் 512 பைட். தட்டு விநாடிக்கு 60 சுற்று சுற்றும். பெருக்கிப் பாருங்கள்... விநாடிக்கு ஐந்து லட்சம் பைட்டுக்கு மேல் வரவேண்டும். வரவில்லை. காரணம், பாவம், கம்ப்யூட்டருக்கு அதை வாங்கி வைக்கக்கூட வேகம் போதவில்லை!

கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவில் ராட்டினம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 17 தொட்டில்கள். நீங்கள் கீழே நின்று ஒவ்வொரு தொட்டிலில் இருப்பவரிடமும் வரிசையாகச் சீட்டு வாங்க வேண்டும். முதல் சீட்டை வாங்கிப் பையில் வைத்து நிமிர்வதற்குள் ரெண்டாவது தொட்டில் உங்களைத் தாண்டிப் போய்விடும். அது திரும்ப வர ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். ஆக, சுற்றுக்கு ஒரே ஒரு சீட்டு. இந்த டிஸ்க்கில் அப்படி நடந்தால் விநாடிக்கு 30 கே.பி.தான் தேறும்.

இதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். ரெண்டாம் நம்பர் ஆளை அடுத்த தொட்டிலில் உட்கார வைக்காமல், ஆறு தொட்டில் தள்ளி உட்கார வை! நீங்கள் நிமிரும்போது சரியாக அவர் எதிரே வருவார். இதற்கு ‘இன்டர்லீவ்’ என்று பேர். எக்ஸ்.டி.யில் ஐ.பி.எம். வைத்துக் கொடுத்தது ஆறுக்கு ஒன்று. அதனால் ஆறு சுற்றில் 17 துண்டும் கைக்கு வந்துவிடும். விநாடிக்கு 85 கே.பி.

ஆறு என்பது ஜாக்கிரதைக் கணக்கு. ஐந்து தள்ளி வைத்தும் சமாளிக்க முடிந்தால் வேகம் 102 கே.பி.யாக ஏறும். பேராசைப்பட்டு உங்கள் இயந்திரத்தால் தாங்க முடியாத எண்ணுக்குப் போனால், ஒரு மயிரிழையில் துண்டு தப்பிப்போய் மறுபடியும் பழைய 30 கே.பி. பாதாளத்துக்கே விழுவீர்கள். உங்கள் பெட்டிக்கு ஐந்தா, நாலா, மூணா? கேட்டால் யாருக்கும் தெரியாது. அளந்துதான் பார்க்கவேண்டும்.

ஸ்டீவ் கிப்சன் என்றொருவர். ‘இன்ஃபோவேர்ல்ட்’ என்ற அமெரிக்க வாரப் பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருந்தவர் (நம்ம ஜாதி!). எண்பதுகளின் இறுதியில் அவர் எழுதிய ‘ஸ்பின்ரைட்’ புரோகிராம், டிஸ்க்கை ஒவ்வொரு இன்டர்லீவாக ஓட்டிப் பார்த்து அளந்து, எது அதிகபட்ச வேகம் என்று சொல்லும். தகவலை அழிக்காமலேயே துண்டுகளை இடம் மாற்றியும் வைக்கும். காசு கொடுத்துப் புது சாமான் வாங்காமல், அளந்து பார்த்ததாலேயே மிஷின் வேகமானது. கம்ப்யூட்டர் சரித்திரத்தில் அப்படி நடந்தது குறைச்சல்.

தொண்ணூறுகளில் டிஸ்க்குக்குள்ளேயே ஒரு சின்ன மெமரி வைத்துவிட்டார்கள். ஒரு சுற்றிலேயே முழு வட்டத்தையும் அள்ளி அதில் போட்டுக்கொண்டு நிதானமாகக் கொடுக்கும். தொட்டில் தள்ளி உட்காரவைக்கும் வேலை ஒழிந்தது. ஆனால் அதோடு ஒரு புதிய பொய் பிறந்தது.

என்ன பொய்? ஒரு தடவை படித்த தகவலை மறுபடி கேட்டால் தட்டைத் தொடவே தொடாமல் மெமரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். இது நல்ல காரியம்தான், ‘கேஷ்’ என்பார்கள். ஆனால் வேகம் அளக்கும் புரோகிராம் அதே இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தால் என்னாகும்? ஆஹா, என்ன வேகம்! அளந்தது டிஸ்க்கை அல்ல, கேஷை. தண்ணீர் தெளித்த பஞ்சு!

லினக்ஸ் பக்கம் மார்க் லார்ட் என்பவர் எழுதிய ‘ஹெச்.டி.பார்ம்’ என்ற கருவியில் இதற்காகவே இரண்டு விதமான அளவு உண்டு. பெரிய ‘டி’ போட்டால் கேஷிலிருந்து படிக்கும் வேகம், அதாவது கிட்டத்தட்ட மெமரியின் வேகம். சின்ன ‘டி’ போட்டால் நிஜ டிஸ்க்கின் வேகம். பெரிய டி-யில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு ‘என் டிஸ்க் பறக்குது’ என்று பெருமையடித்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நானே. சின்ன டி-யிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது டிஸ்க்கின் ஆரம்பத்தைப் படிக்கிறது. ஆரம்பம் என்பது தட்டின் வெளி விளிம்பு. வெளி வட்டம் பெரிசு, ஒரு சுற்றில் நிறைய தகவல் தலைக்கடியில் ஓடும். உள் வட்டத்துக்குப் போனால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மூட்டையின் வாயில் நல்ல வற்றலைப் பரப்பி வைக்கிற மாதிரிதான்.

டிஸ்க் போகட்டும், மெமரியாவது யோக்கியமா?

மெமரியை ஒழுங்காக அளக்க ஒரு முறை கண்டுபிடித்தவர் கம்ப்யூட்டர்காரர் அல்ல, கடல் ஆராய்ச்சிக்காரர்! ஜான் மெக்கால்பின், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கடல் நீரோட்டங்களைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். கம்பெனிகள் விளம்பரம் செய்த வேகத்துக்கும் தன் கணக்கு ஓடிய வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று கண்டார். புராசஸர் கூட்டிப் பெருக்குவதில் சூரன்தான். ஆனால் எண்கள் மெமரியிலிருந்து வந்து சேர்ந்தால்தானே பெருக்க! அடுப்பு தயார், அரிசி இன்னும் வரவில்லை என்ற நிலைமை. 1991-ல் அவர் ‘ஸ்ட்ரீம்’ என்ற சின்னஞ்சிறு சோதனையை எழுதினார். நாலே நாலு வேலைகள். நீளமான எண் வரிசையை இடம் மாற்றி எழுது, ஓர் எண்ணால் பெருக்கி எழுது, இரண்டு வரிசைகளைக் கூட்டி எழுது, பெருக்கிக் கூட்டி எழுது. அவ்வளவுதான். கூடவே ஒரு கண்டிஷன் போட்டார். எண் வரிசை புராசஸரின் கேஷைப் போல் குறைந்தது நாலு மடங்காவது பெரிசாக இருக்கவேண்டும். அதாவது பஞ்சைப் பிழிந்துவிட்டு நிறுத்துப் பார்!

நாலு வருஷம் கழித்து, 1995-ல், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் வுல்ஃபும் சாலி மெக்கீயும் இதற்கு ‘மெமரிச் சுவர்’ என்று பேர் வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். புராசஸர் வேகம் தாவித் தாவி ஏறுகிறது, மெமரி நடந்து வருகிறது, சீக்கிரமே சுவரில் முட்டிக்கொள்ளப் போகிறோம் என்றார்கள். முட்டிக்கொண்டோம்.

கடல் கணக்கு நமக்கெதற்கு என்கிறீர்களா? கடைவாசல் பெரியவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்த மழைக் கணக்கும் இதே ஜாதிதான். வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரம் என்று எண்களை அள்ளி அள்ளிக் கொண்டுவந்து போடவேண்டும். கணக்கு கொஞ்சம், அள்ளுவதுதான் அதிகம். பருவமழையைக் கணிப்பதற்காக எண்பதுகளின் இறுதியில் இந்தியா அமெரிக்காவிடம் வாங்கி டெல்லியில் வைத்த ‘க்ரே எக்ஸ்-எம்.பி.’ சூப்பர் கம்ப்யூட்டரின் மகிமையே இதில்தான் இருந்தது. ஒரு துடிப்பில் மெமரியிலிருந்து இரண்டு எண்களை எடுக்கவும் ஒன்றைத் திருப்பி வைக்கவும் அதற்குத் தனித்தனி வாசல்கள். மெக்கால்பினின் நாலாவது சோதனைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி! அதைவிடப் பெரிய மிஷினைத் தர அமெரிக்கா மறுத்ததும், 1988-ல் புனேயில் சி-டாக் பிறந்ததும், 1991-ல் ‘பரம் 8000’ வந்ததும் நீங்கள் கேள்விப்பட்ட கதைதான். தாண்டிவிடுகிறேன்.

சென்னைக் கதை ஒன்று சொல்லவேண்டும். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள இயற்பியல்காரர்கள் 2004-ல் 144 கம்ப்யூட்டர்களை ஒன்றாகப் பின்னி ‘கப்ரு’ என்ற சூப்பர் கம்ப்யூட்டரை அமைத்தார்கள். கப்ரு என்பது இமயத்தில் ஒரு சிகரம். ஒரு பெட்டிக்கு இரண்டு வீதம் 288 ஜியான் புராசஸர்கள். கடையில் கிடைக்கிற சாமான்தான். ஏட்டுக் கணக்கில் பார்த்தால் விநாடிக்கு 1,382 நூறு கோடி கணக்குகள் போட வேண்டும். ஓடவிட்டு அளந்தபோது கிடைத்தது ஆயிரத்தைச் சொச்சம். நூற்றுக்கு எழுபத்திரண்டு. ‘அவ்வளவுதானா?’ என்று உதட்டைப் பிதுக்காதீர்கள், அது நல்ல மார்க்! அந்த ஆயிரம்தான் கௌரவம், ஏனென்றால் அது அளந்த ஆயிரம்.

சரி, நாகலாபுரம். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பென் டிரைவிலிருந்து ‘கிரிஸ்டல்டிஸ்க்மார்க்’ என்ற இலவசக் கருவியைப் போட்டு ஓட்டினேன். இது ஜப்பான்காரர் ஒருவர் எழுதியது. முதல் வரியில் விநாடிக்கு 112 எம்.பி. “நல்லாத்தான அத்தான் இருக்கு?” என்றான் மச்சினன். “கடைசி வரியப் பாருங்க” என்றேன். 0.4 எம்.பி. முதல் வரி, ஒரு பெரிய ஃபைலை ஒரே நீளமாகப் படிக்கிற வேகம். கடைசி வரி, சின்னச் சின்னதாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்குகிற வேகம். தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்று. கை நகர ஒன்பது மில்லி விநாடி, வேண்டிய துண்டு சுற்றி வரச் சராசரியாக நாலு. ஆக விநாடிக்கு எழுபத்தைந்து, எண்பது தடவைக்கு மேல் எடுக்க முடியாது. தடவைக்கு 4 கே.பி. என்றால்? நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் எப்போதும் பொறுக்கித்தான் படிக்கும். அதிலும் அந்தப் பெட்டியில் மெமரி 4 ஜி.பி.தான். பிரவுசர், ஸ்கேனர், கைரேகை மிஷின் எல்லாவற்றையும் திறந்தால் மெமரி நிரம்பி, மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய்ப் போட்டு எடுக்கிறது. அதாவது விநாடிக்கு ஆயிரக்கணக்கான எம்.பி. வேகத்தில் நடக்கவேண்டிய வேலை 0.4-ல் நடக்கிறது. புராசஸர் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? பார்த்தேன். நூற்றுக்கு எண்பது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது. புதுசாக மாற்றச் சொன்னது அதைத்தான்!

அன்றைக்கே கோவில்பட்டி போய் 4 ஜி.பி. மெமரி ஒன்றும், 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றும் வாங்கி வந்தோம். நாலாயிரத்துக்குள் முடிந்தது. மெமரியை ஏற்கெனவே இருந்ததன் இரட்டையாகப் பார்த்து வாங்கினேன். ஒரே அளவில் இரண்டு போட்டால் இரண்டு பாதையிலும் ஒரே சமயத்தில் தகவல் ஓடும், அள்ளும் வேகம் ஏறக்குறைய ரெட்டிப்பு. எஸ்.எஸ்.டி.க்குச் சுற்றும் தட்டு கிடையாது, நகரும் கையும் கிடையாது. மறுபடி அளந்தபோது கடைசி வரி 27 எம்.பி. காட்டியது. பழசைவிட அறுபது மடங்குக்கு மேல்.

எஸ்.எஸ்.டி. யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய மலிவு எஸ்.எஸ்.டி.களில் முதலில் கொட்டுவதை வாங்கிக்கொள்ள ஒரு வேகமான முற்றம் வைத்திருப்பார்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண் அந்த முற்றத்தின் வேகம். அது நிரம்பியதும் எழுதும் வேகம் பொத்தென்று விழும். கல்யாண வீடியோவைக் காப்பி பண்ணும்போது பாருங்கள், முதல் சில ஜி.பி. ஓடும், அப்புறம் ஊரும். அளக்கிறவர்கள் பத்து நிமிஷமாவது விடாமல் எழுதிப் பார்க்கவேண்டும்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் பெரியவரைத்தான் முதலில் கூப்பிட்டான். மத்தியானத்துக்குள் வரிசை முடிந்துவிட்டது. ரசீதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “மழ எப்பம்னு அதுல தெரியுமா தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போனார் பெரியவர்.

சங்கிலி வீட்டிலேயே இருக்கிறது. கழற்றிய பழைய டிஸ்க்கில் எட்டு வருஷத்து மனுக்கள், போட்டோக்கள், ஸ்கேன் பிரதிகள் என்று ரெண்டரை லட்சம் குட்டிக் குட்டி ஃபைல்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்கலாம் என்று ராத்திரி பத்து மணிக்குக் காப்பி போட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இன்னும் 40 நிமிஷம் என்று காட்டிக்கொண்டிருந்தது.